எட்டு போட்டால் போதுமா? லைசென்ஸ் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு

பிளஸ் டூ முடிந்து 18 வயதும் நிரம்பியவர்கள் லைசென்ஸ் பற்றி யாரிடம் விசாரித்தாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "எல்.எல்.ஆர். போடு, ஒரு மாசம் கழிச்சு எட்டு போடு, வேலை முடிஞ்சுது." நடைமுறை அப்படித்தான் இருக்கிறது. எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் கிடைத்து 30 நாள் ஆனதும், எட்டு வடிவத்தில் வண்டியை ஓட்டிக் காட்டுகிற ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். ஆனால் அந்த எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நான் கும்பகோணத்தில் லைசென்ஸ் எடுத்தபோது அந்த ஆறு மாதத்தையும் கிட்டத்தட்ட முழுசாகப் பயன்படுத்திக்கொண்டேன். அதனால் என்ன கிடைத்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்.எல்.ஆர். தேர்வு. விண்ணப்பம் அரசின் சாரதி இணையதளத்தில். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கேள்வித் தொகுப்பை ஒரு ராத்திரி புரட்டிவிட்டுத் தேறுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சாலைக் குறியீடுகளை வடிவத்தை வைத்துப் படித்தால் மறக்காது: சிவப்பு வளையம் போட்ட வட்டம் என்றால் பெரும்பாலும் தடை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் என்றால் தகவல். யாருக்கு முதல் வழி என்கிற கேள்விகளில்தான் பலருக்கு மார்க் போகும். ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். மலைப்பாதையில் மேலே ஏறி வரும் வண்டிக்கு முன்னுரிமை, ஏனென்றால் ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது சிரமம். இப்படிக் காரணத்தோடு படித்த விதிதான் ரோட்டில் நிற்கும்போது ஞாபகத்துக்கு வரும்.

எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டிச் சாவியை அவர் உடனே கொடுக்கவில்லை. ஆரம்பத்தில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனார், அய்யம்பேட்டை வரைக்கும், சில நாள் தஞ்சாவூர் வரைக்கும். "என்ன தெரியுதுன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே வா பாப்பா" என்பார். எதிரே பஸ் நிற்கிறது என்றேன். "சரி, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். இறங்கிய ஆள் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ரோட்டைக் கடப்பார் என்பது அர்த்தம். ஓரமாக நிற்கும் காரின் முன்சக்கரம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தால் அது கிளம்பப் போகிறது. காருக்குள் தலை தெரிந்தால் கதவு திறக்கலாம். ஷேர் ஆட்டோவுக்கு முன்னால் யாராவது கை காட்டிக்கொண்டு நின்றால், ஆட்டோ சிக்னல் போடாமல் இடப்பக்கம் ஒடியும். பந்து உருண்டு வந்தால் பின்னாலேயே பிள்ளை ஓடிவரும். லாரியை ஒட்டிப் போகும்போது அதன் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் நமக்குத் தெரியவில்லையென்றால், அவருக்கும் நாம் தெரியவில்லை. திரும்பப்போகிற லாரியின் இடப்பக்கம் நுழைவதைப் போல ஆபத்து வேறில்லை.

இந்தப் பயிற்சிக்கு எல்.எல்.ஆர். கூடத் தேவையில்லை. பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தும் செய்யலாம். 15, 16 வயதிலேயே தொடங்கிவிடலாம். வண்டி ஓட்டுவதில் கையும் காலும் சீக்கிரம் பழகிவிடும், கண் பழகத்தான் மாதக்கணக்கில் ஆகும். எட்டு போடுவதில் இந்தக் கண்ணைச் சோதிக்கவே முடியாது.

சாவி கைக்கு வந்த பிறகு முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்ட வேண்டும், வெள்ளைத் தாளில் சிவப்பு எழுத்து. பின்னால் உட்காருகிறவர் லைசென்ஸ் உள்ள, கற்றுக்கொடுக்கிற ஆளாக இருக்க வேண்டும். எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு சிநேகிதியை ஏற்றிக்கொண்டு போகச் சட்டத்தில் இடமில்லை.

அடுத்து வேகம். காலி மைதானத்தில் ஒரு செங்கல்லை வைத்து, அதைத் தாண்டும்போது பிரேக் பிடிக்கச் சொன்னார் பெரியப்பா. 20-ல் வந்தபோது எங்கே நின்றேன், 40-ல் வந்தபோது எங்கே நின்றேன் என்று காலடியால் அளந்து காட்டினார். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் சுமார் நான்கு மடங்காகும். இது பிளஸ் ஒன் இயற்பியலில் படித்ததுதான், ஆனால் தரையில் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். போனை இரண்டு நொடி குனிந்து பார்த்தால் 33 மீட்டர் தூரம் பார்க்காமலே ஓட்டியிருப்போம்.

எங்கள் பக்கம் தனியாகக் கற்க வேண்டியவையும் உண்டு. அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே நெல் காயும், வைக்கோல் கிடக்கும். அதன்மேல் ஏறிய பிறகு பிரேக் தொட்டால் சறுக்கும், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். முதல் மழையில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து ரோடு வழுக்கும். இருட்டியதும் பின்விளக்கு எரியாத டிராக்டர் டிப்பரோ கரும்பு வண்டியோ திடீரென்று முன்னால் இருக்கும். ஹெட்லைட் காட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் ராத்திரி வேகம். உங்கள் ஊரில் மலையோ, நாற்கரச் சாலையோ, சந்தை நெரிசலோ இருக்கும். அதை அந்த ஊரில் பல வருஷம் ஓட்டியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் பற்றி நான் கெஞ்சிக் கேட்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். ஹெல்மெட் போடாமல் போனவர்கள் அதில் 50,029 பேர், அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் 64,105 என்று முதலிடத்தில் இருந்தது நம் தமிழ்நாடு. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், பட்டையைக் கட்டாயம் மாட்டுங்கள். மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலையை விட்டுக் கழன்றுவிடும். பெண்பிள்ளைகள் துப்பட்டாவை முடிச்சுப் போட்டுவிட்டு உட்காருங்கள், நுனி சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து.

இனி ஓட்டுநர் தேர்வு. எட்டு போடும்போது முன்சக்கரத்தைப் பார்க்காமல் அடுத்த வளைவைப் பாருங்கள். ஆக்சிலேட்டரை ஒரே அளவில் லேசாகப் பிடித்து, வேகத்தைப் பின்பிரேக்கால் அடக்குங்கள். கால் ஊன்றக் கூடாது. தேர்வு வைக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் கை சிக்னல் கேட்டால் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கூட்டியில் தேர்வு கொடுத்தால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் கிடைக்கும். பின்னாளில் பைக் ஓட்டும் எண்ணம் இருந்தால் கியர் வண்டிக்கே விண்ணப்பித்து, அதிலேயே தேர்வு கொடுங்கள். கொண்டுபோகிற வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நடப்பில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். தேறாவிட்டால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம்.

18 ஆகாத தம்பிகள் "தெருமுனைக் கடைக்குத்தானே" என்று வண்டியை எடுப்பதைத் தினமும் பார்க்கிறேன். 16 வயதுக்குச் சட்டம் அனுமதிப்பது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை மட்டும்தான், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். வீட்டில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேல். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அம்மா அப்பாக்கள் இதைத் தெரிந்துகொண்டாலே சாவியை ஆணியில் தொங்கவிட மாட்டார்கள்.

லைசென்ஸ் வந்த பிறகும் வீட்டில் சில கட்டுப்பாடுகளை நாங்களே பேசி வைத்துக்கொண்டோம். நியூசிலாந்தில் 1987 முதல் படிப்படியான லைசென்ஸ் முறை இருக்கிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள் ராத்திரியில் தனியாக ஓட்டுவதற்கும், ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதற்கும் அங்கே ஆரம்பத்தில் கட்டுப்பாடு உண்டு. நம் சட்டத்தில் அது இல்லை, வீட்டில் வைத்துக்கொள்ள யார் தடுக்கப்போகிறார்கள்? முதல் ஆறு மாதம் இருட்டிய பிறகு வண்டி எடுக்கவில்லை, சிநேகிதிகளை ஏற்றவில்லை, நான்குவழிச் சாலைக்குப் போகவில்லை. நான் வண்டியில் இருக்கிற நேரத்தில் அம்மாவும் போன் செய்ய மாட்டார். வந்து சேர்ந்ததும் நானே கூப்பிடுவேன்.