கறிவேப்பிலைத் தொட்டியில் காக்கா எச்சம்

ரசம் தாளிக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் கறிவேப்பிலை இருக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. காலி பெயின்ட் வாளி ஒன்றில் ஓட்டை போட்டு, மாடியில் ஒரு கன்று வைத்தேன். மதுரை வெயிலில் மொட்டை மாடிச் செடி பிழைப்பதே பெரும்பாடு. புளித்த மோரும் அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றி, இரண்டு வருடத்தில் இடுப்புயரம் கொண்டுவந்திருந்தேன். போன ஐப்பசியில் ஒரு நாள் இலை பறிக்கப் போன அம்மா வெறுங்கையோடு இறங்கி வந்தார்.

"இலை பூரா காக்கா எச்சம்டி. கழுவிப் போட்டாக்கூட மனசு வராது."

ஈரத்துணியோடு போனேன். துடைக்கக் கை வைத்ததும் எச்சம் நகர்ந்தது.

கறுப்பும் பழுப்புமாய், நடுவில் வெள்ளையாய், பளபளவென்று ஈரம் காயாததுபோல ஒரு புழு. அதுபோல ஒன்பது இருந்தன. சின்ன வயதில் பறவை கொத்தாமலிருக்க எச்சம்போல வேஷம் போடும் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழுக்கள் அவை என்று அன்று ராத்திரி படித்துத் தெரிந்துகொண்டேன். பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். கறிவேப்பிலையைத் தின்று வளர்வதால் அந்தப் பெயர். எலுமிச்சை, நாரத்தை இலையையும் தின்னும்.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். கடைசியாகத் தோல் உரித்ததும் எச்ச வேஷம் போய், இலைப் பச்சையில் விரல் மொத்தம் ஆகிவிட்டன. முன்பக்கம் பாம்புக்கு இருப்பதுபோல இரண்டு கண்கள். அவை வெறும் புள்ளிகள்தான், நிஜத் தலை அதற்கும் கீழே குனிந்துகிடக்கிறது. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து செக்கச் சிவந்த கவட்டைக்கொம்பு ஒன்று நீண்டு, ஒரு காட்டமான வாடை அடித்து, மறுபடி உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் நான் தொடவில்லை. ஒரு தடவை பார்த்தாயிற்று, பாவம்.

அவற்றின் பசிதான் பிரச்சினை. நான்கே நாளில் செடி ஈர்க்கும் குச்சியுமாக நின்றது. காய்கறிக் கடையில் கொசுறாகக் கொடுத்த கறிவேப்பிலையைக் கொண்டுவந்து செருகிவைத்தேன். மறுநாள் காலை நான்கு புழுக்கள் சுருண்டு தொட்டிக்கடியில் கிடந்தன. இலையில் மருந்து அடித்திருப்பார்கள், வேறென்ன. அந்த இலையைத்தான் நாங்கள் இத்தனை வருடமாக லேசாக அலசிவிட்டுக் குழம்பில் போட்டுக்கொண்டிருந்தோம். மிச்சம் ஐந்துக்குத் தெருமுனை வீட்டு மரத்தில் கேட்டு வாங்கிவந்தேன். "வாரத்துக்கு எத்தனை தடவைதான் ரசம் வைப்பீங்க?" என்று அந்த வீட்டு அக்கா கேட்டபோது, புழுவுக்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சிரித்துவைத்தேன்.

ஒருநாள் ஐந்தும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அலைய ஆரம்பித்தன. மூன்று, செடியிலேயே பச்சைக் கூடாயின. ஒன்று சுவரோரக் காய்ந்த குச்சியில் ஏறிப் பழுப்புக் கூடானது. எங்கே உட்கார்கிறதோ அதற்குத் தக்க நிறம். ஐந்தாவது போயும் போயும் துடைப்பக் கட்டையைப் பிடித்தது. வாலடியில் ஒரு பட்டுப் பொட்டு, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு இழை, பனையேறி இடுப்புக் கயிற்றில் பின்னால் சாய்ந்து நிற்பானே, அதே சாய்வு. பதினோரு நாள் மாடி கூட்டவில்லை.

பழுப்புக் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வரவில்லை. குண்டூசி முனை அளவு ஓட்டை விழுந்து, அதன் வழியாகக் கொசுவைவிடச் சின்னக் குளவிகள் வரிசையாக வெளியே வந்தன. எப்போது உள்ளே முட்டை வைத்துப் போனதோ தெரியாது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் உச்சி வெயிலில் அந்தக் குளவிகளின் முதுகு மயில் கழுத்தாக மின்னியதையும் சொல்லத்தான் வேண்டும்.

துடைப்பக்காரி காலை ஏழு மணிக்கு வந்தாள். கூடு பிளந்து, பிழிந்த ஈரத்துணியாக ஏதோ வெளியே தொங்கியது. வயிறு சுருங்கி விரிய, இறக்கை கொஞ்சம் கொஞ்சமாய் விரிந்தது. எண்ணெயில் அப்பளம் விரிவதை மிக மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அடியில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்ததும் அம்மா பதறிவிட்டார். ரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு அது.

கறுப்பு இறக்கை, பின்னிறக்கை நடுவில் வெள்ளைத் திட்டுகள், ஓரத்தில் குங்குமப் பிறைகள். அப்படியே ரோஜா அழகி! ஆடுதின்னாப்பாளை இலையைத் தின்று வளரும் ரோஜா அழகி வேறொரு பட்டாம்பூச்சி; நஞ்சுள்ளது, பறவைகள் சீண்டாது. அந்த வேஷத்தைத்தான் இவள் போட்டிருக்கிறாள். ஆண்களுக்கு இந்த வேஷம் கிடையாது, பெண்களிலும் எல்லோரும் போடுவதில்லை. எந்தப் பெண் எந்தக் கோலத்தில் வரும் என்பதை டபுள்செக்ஸ் என்ற ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்று உயிரியலாளர் கிருஷ்ணமேக் குண்டே குழுவினரின் ஆய்வு 2014-ல் வெளிவந்தது. அசலையும் நகலையும் பிரிக்க எளிய வழி உடம்பைப் பார்ப்பது. ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பு. இவளுக்குக் கறுப்பு. புடவை வாங்கினவள் ரவிக்கையை மறந்துவிட்டாள்.

இரண்டு மணி நேரம் துடைப்பத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் பக்கத்து வீட்டு முருங்கைக்கு மேலே போய்விட்டாள்.

தையில் செடி மறுபடி தழைத்தது. அதே மாதிரி கறுப்புச்சேலைக்காரி ஒருத்தி வந்து, முன்னங்காலால் தட்டித் தட்டி இலையை ருசி பார்த்து, கொழுந்தில் மட்டும் ஒவ்வொன்றாக முட்டை வைத்தாள். கடுகைவிடச் சின்ன மஞ்சள் மணிகள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஈர்க்காகத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த முத்தல்ல ஒண்ணும் இல்லைல்ல? ரசத்துக்கு ரெண்டே ரெண்டு எடுத்துக்கிறேன்" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி தெரியவில்லை.