கீழத்தெரு முதலில்

போன வாரம் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். திரும்பும்போது முன்பு என் பொறுப்பில் இருந்த ஒரு கரிசல் ஊரில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மேல்நிலைத் தொட்டியின் தூணில் தெருவாரியாகத் தண்ணீர் விடும் நேரம் எழுதியிருந்தது. முதல் வரி: கீழத்தெரு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

2004-ல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்களுக்கு மறைமலை நகரில் பயிற்சி நடந்தது. நான் அப்போது உதவிப் பொறியாளர். கடும் வறட்சியைப் பார்த்துவிட்டு வந்திருந்த நேரம். பம்பு, பைப்பு பற்றிப் பாடம் எடுப்பார்கள் என்று நோட்டோடு போனேன். அங்கே மேடையே இல்லை. பெரிய அதிகாரிகளும் எங்களோடு வட்டமாக உட்கார்ந்தார்கள். அதற்குக் 'கூடம்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களை இன்றும் மனசுக்குள் கும்பிடுகிறேன். வீட்டுக் கூடத்தில் தாத்தாவும் பேரனும் ஒரே பாயில்தானே உட்காருவார்கள்?

"உங்கள் திட்டத்தில் கடைசி வீட்டுக் குழாயை யாராவது போய்த் திறந்து பார்த்திருக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார். நான் பார்த்ததில்லை. என் வேலை தொட்டியோடு முடிந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் நேராகக் கீழத்தெருவுக்குப் போனேன். கணக்குப்படி ஆளுக்கு நாளைக்கு 40 லிட்டர். ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்குப் பதிமூன்று குடமாவது வர வேண்டும். "நாலு குடம் வந்தா பெருசு சார். மேலத்தெருவுல குழி தோண்டி குழாயை இறக்கி வச்சிருக்காங்க. இங்க காத்துதான் வருது" என்றார் ஒரு பாட்டி. குழாயைத் திறந்து காட்டினார். புஸ்ஸென்று காற்று, அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். புது போர்வெல் போடுவதற்கான எஸ்டிமேட் அப்போது என் பையில் இருந்தது!

அன்று சாயங்காலமே கோயில் வாசலில் இரண்டு தெருக்காரர்களையும் கூப்பிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். முதலில் ஒரே சத்தம். பேசாமல் இருப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. வாயைத் திறந்தால் உத்தரவாகத்தான் வரும் என்று தெரியும். கடைசியில் வழி சொன்னவர் தொட்டி ஆபரேட்டர். அதுவரை என் முன்னால் அவர் உட்கார்ந்ததே கிடையாது. "மேலத்தெரு வால்வை அரை மணி நேரம் அடைச்சு வச்சு, கீழத்தெருவுக்கு மொதல்ல விட்டுப் பாப்போம் சார். குழியையும் மூடிரட்டும்" என்றார். மேலத்தெருப் பெண்களே சரி என்றார்கள். குழிகளை மூட ஒரு வாரம் ஆனது. எஸ்டிமேட்டை நான் மேலே அனுப்பவில்லை.

ஒரு பயிற்சி நிலைத்ததா என்று பார்க்க, அதற்குப் போனவன் மாற்றலாகிப் போன பிறகுதான் அந்த ஊருக்கு வர வேண்டும். நான் ஓய்வு பெற்றே பல வருடமாகிவிட்டது. இப்போதைய ஊராட்சித் தலைவருக்கு என்னைத் தெரியாது. அந்த ஆபரேட்டரும் இல்லை, வால்வு சாவி இப்போது அவர் மகன் கையில்.

"கீழத்தெருவுக்கு ஏன் தம்பி முதலில் விடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் மேலத்தெரு வால்வை அடைக்கக் குனிந்தார்.