நண்பகல் நிழலும் பித்தளை ஆணிகளும்

2024 ஜனவரி 11, வியாழன், ரோஸ் ஹில், மொரிஷியஸ்

கோவில் மண்டபத்தை ஒட்டிய பழைய வகுப்பறையையும் அதன் முற்றத்தையும் சிறுவர்களுக்கான வானியல் கூடமாக மாற்றும் பொறுப்பைச் சங்கத்தார் என்னிடம் ஒப்படைத்து இரண்டு மாதமாகிறது. ஒரு நிறுவனம் வரைந்து தந்த திட்டம் இன்று கைக்கு வந்தது: நான்கு தொடுதிரைகள், மினுங்கும் கூரை, ஒரு ராக்கெட் பொம்மை. சுவருக்கென அவர்கள் தீட்டியிருக்கும் ஓரையன் விண்மீன் கூட்டத்து வேட்டைக்காரன், ஐரோப்பாவில் தெரிவதுபோல நிமிர்ந்து நிற்கிறான். நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை தெற்கே இருக்கும் நாம் இந்த மாதத்து இரவில் வடக்கு நோக்கி நின்றால், அவன் தலைகீழாகத்தான் தொங்குவான். சுவரில் ஒன்றும் வானத்தில் வேறொன்றுமாகக் காணும் பிள்ளை எதை நம்பும்? இந்தத் தீவின் வானத்தில் எப்படித் தெரிகிறதோ அப்படியே வரைய வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 16, செவ்வாய்

நேற்று பெலால் புயல். போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன. இங்கே மாமரக் கிளையொன்று முறிந்ததோடு சரி, ஆனால் மின்சாரம் இல்லை. மின்சாரம் போனால் இருண்டுவிடும் கூடத்தைச் சூறாவளி வரும் தீவில் கட்டுவானேன் என்ற கேள்வியைச் சங்கத்தார் முன் வைக்கப்போகிறேன். தொடுதிரை ஒன்று போதும்.

ஜனவரி 18, வியாழன்

இன்று வளர்பிறைப் பாதி நிலா. தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஆறு பேரை மாலையில் முற்றத்தில் நிறுத்தி, அறிவியல் பாடநூலின் பிறைப் படத்தை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னேன். படத்தில் வலப்பாதி ஒளிர்ந்தது, வானத்தில் இடப்பாதி. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சிறுமி புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, "இப்போ சரி தாத்தா, புத்தகம்தான் தப்பாப் பிடிச்சிருந்தோம்" என்றாள். கூடத்தின் முதல் பொறியை அவளே வடிவமைத்துவிட்டாள்: தலைகீழாகத் திருப்பக்கூடிய ஒரு வட்டப் படம், மறுபக்கம் ஒரு சன்னல்.

நம் கல்யாணங்களில் அருந்ததி பார்க்கும் சடங்கும் நினைவுக்கு வந்தது. அவள் இங்கே வடதிசையில் 15 பாகை உயரம் வரையாவது எழுகிறாள். துருவ மீனோ இத்தீவின் தொடுவானத்துக்கு மேலே ஒருநாளும் வருவதில்லை. ஐயர் கைகாட்ட, மணமக்கள் பார்த்துவிட்டதாகத் தலையாட்டுகிறார்கள்! அதற்கு ஈடாக, சென்னையில் தெற்கே 24 பாகையைத் தாண்டாத அகத்திய மீன் (கனோபஸ்) இங்கே 57 பாகை வரை ஏறி நிற்கிறது. தெற்குச் சுவர் அகத்தியருக்கு.

ஜனவரி 20, சனி

இந்த நாளுக்காகவே காத்திருந்தேன். மகர ரேகைக்கு வடக்கே இருப்பதால் ஆண்டில் இருமுறை, நவம்பர் பிற்பாதியிலும் இந்த நாளையொட்டியும், சூரியன் நம் உச்சந்தலைக்கு மேலே வருகிறது. தச்சர் தூக்குக்குண்டு பிடித்து ஒரு மீட்டர் இரும்புக் கம்பியைச் செங்குத்தாக நட்டுத் தந்தார். பக்கத்தில் ஒரு பிவிசி குழாய்த் துண்டை நிறுத்தினோம். சூரியனை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது, தரையை மட்டும் பார்க்க வேண்டும் என்பது கட்டளை.

சரியாக 12 மணிக்குக் கம்பியின் நிழல் மேற்கே எட்டு ஒன்பது சென்டிமீட்டர் நீண்டிருக்கவே, ஏமாற்றிவிட்டேன் என்று பையன்கள் கூச்சலிட்டார்கள். நம் கடிகாரம் 60 பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது, நாமோ 57.5 பாகையில் இருக்கிறோம், அதனால் சூரியன் உச்சிக்கு வர 10 நிமிடம் தாமதம். பூமியின் அச்சுச் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து இந்த மாதத்தில் இன்னொரு 11 நிமிடம் என்று கணக்குச் சொன்னேன். பாதிப் பேர் கேட்கவில்லை, நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேகம் மறைத்தது, விலகியது. 12 மணி 21 நிமிடத்துக்குக் கம்பிக்கு நிழலே இல்லை. குழாயின் நிழல் அதன் விளிம்பளவு மெல்லிய வளையமாகச் சுருங்க, உள்ளே தரை முழுவதும் வெயில் வட்டமாக விழுந்தது. சிறுமி தன் பாதத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

டிசம்பர் முழுவதும் வடக்கே விழுந்த நண்பகல் நிழல் நாளை முதல் தெற்கே விழும். ஜூன் 21 அன்று 95 சென்டிமீட்டர் வரை நீளும். சனிக்கிழமைதோறும் கடிகாரத்தில் 12 அடிக்கும்போது நிழல் நுனியை ஒரு பிள்ளை குறித்துவந்தால், ஓராண்டில் முற்றத்தில் ஒரு 8 வடிவம் உருவாகும். இன்றைய நுனியில் முதல் சாயப் புள்ளியை வைத்துவிட்டோம்.

ஜனவரி 27, சனி

வியாழனன்று காவடி. பாற்குடம் சுமந்த அசதி தீராமலே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். போன வாரப் புள்ளி மழையில் பாதி கரைந்திருந்ததால், சாயத்தை விட்டுவிட்டுச் சிமெண்டில் துளையிட்டுப் பித்தளை ஆணி அறையலாம் என்று தச்சர் சொன்னார். இரண்டாவது ஆணி முதலாவதற்கு மூன்று சென்டிமீட்டர் தெற்கே இறங்கியது. வாரத்துக்கு ஒன்றாக 52 ஆணிகள் வேண்டும். கடையில் 40 தான் இருந்தன.