டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்: பின்புறத் திரைக்குத் துணி தேடிய அனுபவம்

திரை இப்போது நிற்கிறது. பின்னாலிருந்து புரொஜெக்டர் ஓட, முன்னால் உட்கார்ந்து ஒரு முழுப் படமும் பார்த்தாயிற்று. ஆனால் இந்த இடத்துக்கு வருவதற்குள் மூன்று துணிகளைக் கட்டிப் பார்த்து, மூன்றையும் அவிழ்க்க வேண்டியதாகிவிட்டது. குழாய்ச் சட்டம் ஒரே மதியத்தில் முடிந்தது. புரொஜெக்டர் ஏற்கெனவே இருந்தது. என்னை அலைக்கழித்தது முழுக்க முழுக்கத் துணிதான். அதனால் துணியைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எனக்கு வேண்டியது மூலைக்கு மூலை அளந்தால் 100 அங்குலம் வரும் திரை. கழற்றிப் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். பிள்ளைகள் குறுக்கே ஓடினாலும் படத்தில் நிழல் விழக்கூடாது. அப்படியென்றால் புரொஜெக்டர் திரைக்குப் பின்னால்தான் இருந்தாக வேண்டும்.

கடையில் போய் "புரொஜெக்டர் திரைக்குத் துணி வேண்டும்" என்று கேட்டேன். விற்பனையாளர் யோசிக்கவே இல்லை. "திரைக்கா சார்? எல்லாரும் பிளாக் அவுட்தான் எடுக்கறாங்க. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். "பின்னாலிருந்து படம் போடப்போகிறேன், ஒளி இந்தப் பக்கம் வருமா?" என்று இரண்டு முறை கேட்டேன். "அதெல்லாம் சூப்பரா வரும் சார்" என்று சொல்லிக்கொண்டே கத்தரியை வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பின்னால் புரொஜெக்டரைப் போட்டால் முன்பக்கம் இருட்டு. ஓரங்களில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது. வெட்டிய துணியைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்றார்கள். அது நியாயம்தான். ஆனால் நான் கேட்ட கேள்வியைக் காதில் வாங்காமல் வெட்டியது இன்னும் உறுத்துகிறது.

ஒளியைத் தடுப்பதற்கென்றே செய்த துணி அது. முன்னாலிருந்து படம் போடுகிறவர்களுக்கு அதுவே வரம், ஒளி துணியைத் தாண்டிப் போய் வீணாகாது. பின்னாலிருந்து போடுகிறவருக்கு அது ஒரு சுவர். நீங்கள் படிக்கும் குறிப்புகளில் "திரைக்கு ஏற்ற துணி" என்று இருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வரும் திரை என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் முன்புறத் திரையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்தது வீட்டிலிருந்த வெள்ளைப் பருத்தி விரிப்பு. சட்டத்தில் கிளிப் போட்டு மாட்டி, பின்னால் ஸ்டூலில் புரொஜெக்டரை வைத்து ஓட்டினேன். படம் வந்தது, நிறமும் பளிச்சென்று இருந்தது. அந்த மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. படத்தின் நடுவே கண்ணைக் கூசும் வெள்ளைப் பொட்டு ஒன்று. ஒருவர் முகத்தை அருகில் காட்டும் காட்சி வந்தபோது, கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் லென்ஸ் எரிந்துகொண்டிருந்தது. நான் இடப்பக்கம் நகர்ந்தால் பொட்டும் இடப்பக்கம் நகர்ந்தது. எழுந்து நின்றால் அதுவும் மேலே ஏறியது.

இதைத்தான் ஹாட் ஸ்பாட் என்கிறார்கள். புரொஜெக்டரில் கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றித் துடைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். பின்னாலிருந்து விழும் ஒளியைத் துணி எல்லாப் பக்கமும் சிதறடிக்க வேண்டும். அப்போதுதான் துணியே ஒளிர்வது போல இருக்கும். மெல்லிய நெசவில் ஒரு பங்கு ஒளி சிதறாமல், பாவுக்கும் ஊடைக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியே நேராக வந்துவிடுகிறது. நம் கண்ணிலிருந்து லென்ஸுக்கு ஒரு நூல் கட்டினால் அது துணியை எங்கே தொடுமோ, அங்கே அந்தப் பொட்டு தெரியும். ஆளுக்கு ஆள் அது இடம் மாறுவதும் அதனால்தான்.

விரிப்பை இரண்டாக மடித்தும் பார்த்தேன். பொட்டு மங்கியதே தவிர ஒழியவில்லை. அதோடு இரண்டு அடுக்குக்கும் நடுவே காற்று புகுந்த இடங்களில் சப்டைட்டில் எழுத்துகளுக்கு இரட்டை விளிம்பு வந்தது. முன் அடுக்கில் ஒரு படம், பின் அடுக்கில் ஒரு படம், நடுவில் ஒரு விரல் இடைவெளி. பிறகு எப்படித் தெளிவாக இருக்கும்? விரிப்பின் ஓரத்தில் இருந்த ஒட்டுத் தையலும் படத்துக்குள் கறுப்புக் கோடாக நின்றது. முன்னாலிருந்து படம் போட்டால் தையல் ஓரளவு மறைந்துவிடும். பின்னாலிருந்து போடும்போது தையலில் துணி இரட்டிப்பாகிறது, அங்கே ஒளி பாதி நின்றுவிடுகிறது. படம் விழும் பகுதிக்குள் ஒரு தையல்கூட வரக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

மூன்றாவதாகக் குளியலறையில் தொங்கவிடும் பால் நிறப் பிளாஸ்டிக் திரையை வாங்கினேன். ஒளியை அது அருமையாகச் சிதறடித்தது, பொட்டு கிட்டத்தட்டப் போயே போய்விட்டது. ஆனால் பொட்டலத்தில் மடித்து வைத்த கோடுகள் போகவில்லை. கட்டம் கட்டமாக, படம் முழுக்க. எடை கட்டித் தொங்கவிட்டேன், வெயிலில் விரித்தேன், அசையவில்லை. இஸ்திரி போடலாம் என்று எண்ணவே வேண்டாம், உருகிவிடும். ஒரே இடத்தில் நிரந்தரமாக இழுத்துக் கட்டப்போகிறவர்களுக்கு அது சரிவரலாம். மாட்டிக் கழற்றி எடுத்துப் போகிறவர்களுக்கு ஆகாது.

அந்த இரவில்தான் எனக்கு ஒரு வழி கிடைத்தது. பின்னால் கிடந்த கேபிளைத் தேட மொபைல் டார்ச்சைப் போட்டுவிட்டு, அதை அப்படியே தரையில் வைத்துவிட்டு முன்பக்கம் வந்தேன். சட்டத்தில் ஒரு பாதி பிளாஸ்டிக்கும் மறுபாதி பருத்தி விரிப்பும் தொங்கிக்கொண்டிருந்தன. விரிப்பின் வழியே பார்த்தால் டார்ச் ஊசிமுனை போலக் குத்தியது. பிளாஸ்டிக் வழியே பார்த்தால் பஞ்சுப் பொதி போல ஒரு மெல்லிய வெளிச்சம், அவ்வளவுதான். டார்ச் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டவே முடியவில்லை. புரொஜெக்டரும் சட்டமும் இல்லாமலே துணியைச் சோதித்துவிடலாம்! இத்தனை நாள் துணி எவ்வளவு வெள்ளை, எவ்வளவு கனம் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் ஒளியின் முனையைத் துணி மறைக்கிறதா என்பது.

அதன் பிறகு தேடியது ஸ்பான்டெக்ஸ் கலந்த பின்னல் துணி. கடைகளில் லைக்ரா என்று கேட்டால் புரிகிறது. நீச்சலுடைக்கும் நடன உடைக்கும் போடும் அதே துணிதான். நான்கு பக்கமும் இழுபடுவதால், சட்டத்தில் இழுத்து மாட்டினால் சுருக்கமே இருக்காது. நெய்த துணி போலச் சந்து விட்ட கட்டங்கள் இல்லாமல் நூல் வளையம் வளையமாக நெருங்கிக் கிடப்பதால் ஒளியும் நன்றாகச் சிதறுகிறது.

முதலில் போன கடையில் துணியைப் பிரித்துக் காட்டவே மறுத்துவிட்டார்கள். "எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, வெட்டித் தர்றேன். டார்ச் எல்லாம் அடிக்க முடியாது" என்றார் கவுன்டரில் இருந்தவர். ஒருமுறை பட்டது போதும் என்று திரும்பிவிட்டேன். போக வர அரை நாள் போயிற்று.

அடுத்த கடையில் ஒரு பெரியவர் இருந்தார். "அண்ணே, பின்னால டார்ச் பிடிச்சுப் பாத்துக்கலாமா?" என்று கேட்டேன். எதற்கு என்று விசாரித்தார், சொன்னேன். உடனே அவரே சுருளிலிருந்து இரண்டு முழம் உருவி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பளபளப்பா இருக்கறத விடுங்க தம்பி, இந்த மங்கலா இருக்கறதப் பாருங்க" என்று வேறொரு சுருளையும் இறக்கினார். பளபளப்பு லைக்ராவில் டார்ச் மினுங்கியது. மங்கல் லைக்ராவில் அது கரைந்தே போயிற்று. இன்னொன்றையும் அவரே செய்து காட்டினார். துணியைக் குறுக்கே இழுத்தார், அப்புறம் நெடுக இழுத்தார். "சிலது ஒரு பக்கம்தான் வரும். அதையும் லைக்ரான்னுதான் விப்பாங்க" என்றார். ஒரு பக்கம் மட்டும் இழுபடும் துணியைச் சட்டத்தில் மாட்டினால் மறுதிசையில் அலை அலையாக நிற்கும். எத்தனையோ பேர் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பன்னாவை, அதாவது சுருளில் துணியின் அகலத்தை, மறக்காமல் கேளுங்கள். 16:9 விகிதத்தில் 100 அங்குலத் திரை என்றால் அகலம் சுமார் 221 செ.மீ., உயரம் சுமார் 125 செ.மீ. எனக்குக் கிடைத்த துணியின் பன்னா 150 செ.மீ. பன்னாவைத் திரையின் உயரத்துக்கு வைத்தால் மேலும் கீழும் 12 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாகவே மிஞ்சும், குழாயைச் சுற்றி மடித்துக் கட்ட அது போதும். ஒட்டுப் போட வேண்டியதே இல்லை. 120 அங்குலத்துக்கு ஆசைப்பட்டால் உயரமே சுமார் 149 செ.மீ. ஆகிவிடும், மடிக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே திரையின் அளவை முடிவு செய்துவிட்டுத் துணி தேடாதீர்கள். துணியின் பன்னா தெரிந்த பிறகு அளவை முடிவு செய்யுங்கள்.

துணி சரியாக அமைந்தும் முதல் நாள் மனம் உடைந்துவிட்டது. டிரம் போல இருக்க வேண்டும் என்று முழு பலத்தோடு இழுத்துக் கட்டினேன். ஒழிந்தது என்று நினைத்த பொட்டு திரும்பி வந்து நின்றது. அருகில் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது: இழுக்க இழுக்க அந்த நூல் வளையங்கள் வாய் திறந்துகொள்கின்றன, துணியும் மெலிந்துவிடுகிறது. எல்லா முடிச்சையும் அவிழ்த்து, சுருக்கம் மறையும் அளவுக்கு மட்டும் இழுத்துக் கட்டினேன். பொட்டு போயிற்று. கயிற்றுக்குப் பதில் எலாஸ்டிக் வளையம் போட்டால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுபடும், காற்று அடித்தாலும் துணி எளிதில் கிழியாது. கடையில் டார்ச் அடிக்கும்போதும் துணியை லேசாக இழுத்துப் பிடித்தே பாருங்கள். தளர்வாகத் தொங்கும்போது சுமாரான துணியும் நன்றாகத்தான் தெரியும்.

புரொஜெக்டரை வைக்கும் இடமும் துணிக்கு உதவும். கண்ணையும் லென்ஸையும் இணைக்கும் அந்த நூல், படத்துக்கு வெளியே துணியைத் தாண்டும்படி வைத்துவிட்டால் போதும். என் திரையில் படத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. புரொஜெக்டர் 3.3 மீட்டர் பின்னால். முன்னால் 4 மீட்டரில் உட்கார்ந்திருப்பவரின் கண் 110 செ.மீ. உயரம் என்று வையுங்கள். லென்ஸ் ஸ்டூலில் 100 செ.மீ. உயரத்தில் இருந்தபோது அந்தக் கோடு படத்துக்குள்ளேயே விழுந்தது. 30 செ.மீ.க்கு இறக்கி, மேல்நோக்கிச் சாய்த்ததும் கோடு சுமார் 66 செ.மீ. உயரத்தில், படத்துக்குக் கீழே போய்விட்டது. சாய்த்ததால் படம் கோணலாகும், அந்தக் கோணலை நேராக்கப் புரொஜெக்டரிலேயே இருக்கும் கீஸ்டோன் அமைப்பில் சரிசெய்துகொள்ளலாம். திரைக்கு மிக அருகில் நின்று பார்ப்பவருக்கு மட்டும் கோடு மறுபடி படத்துக்குள் ஏறும். அதனால் முன்வரிசையை உட்கார வைத்துவிடுங்கள். இடம் வலம் மாறித் தெரிவதைப் புரொஜெக்டர் மெனுவில் பின்புறம் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இன்னொன்று. வெள்ளைத் துணியில் முன்பக்க விளக்கு பட்டால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். பின்பக்க விளக்கும் துணியில் விழக்கூடாது. அந்த பிளாக் அவுட் துணி இப்போது அதற்குத்தான் பயன்படுகிறது, புரொஜெக்டருக்குப் பின்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டு அந்தப் பக்க விளக்கை மறைக்கிறேன். முழுக்க இருட்டாக்க முடியாத இடங்களுக்கு வெளிர் சாம்பல் நிற லைக்ரா நல்லது என்று நினைக்கிறேன். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் கறுப்பு கறுப்பாக நிற்கும். அடுத்து அதைத்தான் வாங்கப்போகிறேன்.

காட்சி முடிந்ததும் துணியை மடிக்காமல் ஒரு குழாயில் சுருட்டி வைக்கிறேன். வெட்டியதில் மிஞ்சிய ஒரு முழத் துண்டு அதே பையில் இருக்கிறது. சாம்பல் நிறத்துக்குக் கடைக்குப் போகும்போது அதையும் எடுத்துப்போய், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் வெட்டச் சொல்வேன்.