14 மாதங்களும் 16 ஆண்டுகளும்

என் அக்கா மகனுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு) என்று முடிவாகி, மருத்துவர் அதற்கான மெத்தில்ஃபெனிடேட் மருந்தை எழுதிக் கொடுத்த அன்று அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இதை எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கணும்?" அதற்கு விடை தேடித்தான், ஏடிஎச்டி சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்த்த எம்டிஏ ஆய்வின் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் முன்னின்று நடத்திய இந்த ஆய்வில், 7 முதல் 9 வயது வரையிலான, ஏடிஎச்டி உள்ள 579 குழந்தைகள் குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு 14 மாதங்கள் கண்காணிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து, அடுத்ததற்கு நடத்தைப் பயிற்சி, மூன்றாவதற்கு இரண்டும். நான்காம் பிரிவினர் வழக்கம்போலத் தங்கள் ஊர் மருத்துவர்களிடமே போனார்கள். அறிகுறிகளைக் குறைப்பதில் மருந்து பெற்ற முதல், மூன்றாம் பிரிவுகளே மேல் என்று 1999இல் முடிவு வெளிவந்தது. பலர் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

எனக்கோ நான்காம் பிரிவுதான் உறுத்தியது. அவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மருந்து சாப்பிட்டவர்களே. ஆனாலும் பலன் குறைவு. ஆய்வு மருத்துவர்கள் முதல் மாதம் முழுவதும் அளவை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்றதைத் தேர்ந்தார்கள். பிறகு மாதந்தோறும் அரை மணி நேரம் ஒதுக்கி, ஆசிரியரிடமும் விசாரித்து, தேவைப்பட்டால் அளவைத் திருத்தினார்கள். ஊர் மருத்துவர்களிடம் ஆண்டுக்கு ஓரிரு சந்திப்புகள், அளவும் குறைவு. மருந்து பெரும்பாலும் அதேதான், கவனிப்பு வேறு.

14 மாதங்களுக்குப் பின் சிகிச்சையைக் குடும்பங்களே தீர்மானித்தன. மருந்தின் கூடுதல் பலன் 2ஆம் ஆண்டில் பாதியாகி, 3ஆம் ஆண்டில் பிரிவுகளுக்கிடையே வேறுபாடே இல்லாமல் போனது; 8ஆம் ஆண்டிலும் அப்படியே. மருந்து வீண் என்று இதற்குப் பொருள் கொள்வதும் அவசரம்தான், ஏனென்றால் மருந்துப் பிரிவில் பலர் அதை நிறுத்தியிருந்தார்கள், பயிற்சிப் பிரிவில் பலர் தொடங்கியிருந்தார்கள். குலுக்கிப் பிரித்ததால் ஒப்பீட்டுக்குக் கிடைத்த வலு அதற்குள் கரைந்துவிட்டிருந்தது.

அதே குழந்தைகளை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022இல் வெளியான கட்டுரைதான் அக்காவின் கேள்விக்கு மிக அருகில் வந்தது. நிலையாகக் குணமடைந்தவர்கள் சுமார் 9 சதவீதம். பெரும்பாலோருக்கு அறிகுறிகள் சில காலம் தணிந்து, பின் மீண்டும் தலைதூக்கின. ஆகவே 'இத்தனை வருஷம்' என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. மருந்து இன்னும் தேவையா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதே ஆய்வில் ஆண்டுக்கணக்கில் மருந்து எடுத்தவர்கள், மருந்தை அனேகமாக எடுக்காதவர்களைவிட இளமைப் பருவத்தில் சராசரியாக இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் குட்டையாக இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. பையனைக் கூப்பிட்டு, சமையலறைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினாள்.