சிகாகோ: போக்கை மாற்றிக்கொண்ட ஆறு

சிகாகோவில் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறார்கள். வானளாவிய கட்டடங்கள் அத்தனை இருக்கையில் அது இயல்புதான்; ஆனால் அந்நகரத்தின் கதை அதன் ஆற்றில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1837-இல் நகரமாக அறிவிக்கப்பட்டபோது சிகாகோ, மிச்சிகன் ஏரிக்கரைச் சதுப்பில் அமைந்த சிற்றூர். 1848-இல் வெட்டி முடிக்கப்பட்ட கால்வாய் ஒன்று ஏரியை மிசிசிப்பி நதியமைப்போடு இணைத்ததும், தானிய வணிகமும் மர வணிகமும் பெருகின. ஊரோடு கழிவும் பெருகிற்று. நிலம் ஏரி மட்டத்தை ஒட்டித் தட்டையாகக் கிடந்ததால் சாக்கடை வடிய வழியில்லை. எனவே 1850-களில் தொடங்கி, செங்கல் கட்டடங்களைக்கூடத் திருகு ஜாக்கிகள் கொண்டு அப்படியே தூக்கி நிறுத்தி, தெருக்களை மேடாக்கி, அடியில் குழாய் பதித்தார்கள். அந்தக் கழிவு ஆற்றில் இறங்கியது, ஆறு ஏரியில் கலந்தது, குடிநீரும் அதே ஏரியிலிருந்துதான் வந்தது. இதற்குத் தீர்வாக, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழமான கால்வாய் ஒன்றை வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றின் போக்கையே ஏரியிலிருந்து எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டார்கள். நம் வாசலைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் தள்ளிய கதைதான். மிசிசிப்பிக் கரையில் உள்ள மிசௌரி மாநிலம் வழக்குத் தொடுத்தது, 1906-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

ஆற்றிலிருந்து ஏரிக்குச் செல்லும் படகில் ஏறினால் ஆறு திரும்பியதைக் கண்கூடாகவே காணலாம். முகத்துவாரத்தில் உள்ள நீர்ப்பூட்டுக்குள் படகு நுழைந்ததும் பின்கதவு மூடிக்கொள்கிறது. ஏரிப்பக்கக் கதவு சற்றே விலக, தண்ணீர் உள்ளே புகுகிறது. பக்கச் சுவரில் ஈரம் படிந்த கோடு மெல்ல மூழ்க, படகு சில அடி மேலே எழுகிறது. ஏரி உயரத்தில் இருக்கிறது, ஆறு பள்ளத்தில் ஓடுகிறது.

1871 அக்டோபரில் பற்றிய பெருந்தீயில் ஏறத்தாழ 300 பேர் இறந்தனர், ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். இடிபாடுகளை ஏரியில் கொட்டி மேடாக்கிய நிலத்தின் மீதுதான் இன்றைய கிராண்ட் பூங்காவின் ஒரு பகுதி விரிந்திருக்கிறது. புதிதாக எழுந்த நகரத்தில், வில்லியம் லெ பாரன் ஜென்னி 1885-இல் உலோகச் சட்டகத்தின் துணையோடு பத்து மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார்; வானளாவிகளின் முன்னோடி எனப்படும் அதை 1931-இல் இடித்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தமே.

110 மாடிகள் கொண்ட வில்லிஸ் கோபுரத்தின் கட்டமைப்பை வகுத்த பொறியாளர் டாக்காவில் பயின்ற வங்காளி, ஃபஸ்லுர் ரஹ்மான் கான். ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகக் கட்டியது போன்ற அமைப்பு அது. வெவ்வேறு உயரத்தில் ஏழு நின்றுவிட, இரண்டு மட்டும் உச்சி வரை செல்கின்றன. காசு கொடுத்து 103-ஆம் மாடிக்கு ஏறுவோர் ஏறட்டும். அந்த அமைப்பு விளங்க, ஆற்றின் தென்கிளையில் படகில் அமர்ந்து பார்ப்பதே மேல்.