மைனஸ் 22இல் நாதஸ்வரம்

எங்கட மச்சான் சின்னவன்ர ஊஃபர், காருக்குள்ள அடித்தொனி அடிக்கிற பெரிய ஸ்பீக்கர், ஒருவழியா வாயை மூடிச்சுது. மூடப்பண்ணினது நானில்லை, மனுசியுமில்லை, ட்ரைவ்வேயில நிண்டு காதைப் பொத்திக் காட்டிற பக்கத்து வீட்டு இத்தாலிக்காரருமில்லை. தைப்பொங்கலண்டு கனடாவில அடிச்ச குளிர்.

கார் என்ரை. அதுக்குள்ள இருக்கிற சாமான் முழுக்க மச்சான்ரை. டிக்கியைத் திறந்தா 12 அங்குல ஊஃபர் ரெண்டு, அதுகள் குடியிருக்க ஒரு பெட்டி, பக்கத்தில சத்தத்தைக் கூட்டிக் குடுக்கிற அம்ப். ஒரு குடை வைக்க இடமில்லை. அதால அரிசி மூட்டை எப்பவும் முன் சீற்றிலதான் வரும். வந்தா, ஆரோ பெல்ற் போடாமல் இருக்கிறாங்கள் எண்டு கார் கீங் கீங் எண்டு கத்தும். நான் அரிசிக்குப் பெல்ற் போட்டுவிடுவன். பின் சீற்றில நசுங்கிக்கொண்டு மாமி, "தம்பி, அரிசிக்கு இருக்க வசதியோ?" எண்டு கேப்பா.

பொங்கலண்டு காலமை மைனஸ் 22. காத்தோட சேத்தா மைனஸ் 34 எண்டு ரேடியோவில சொன்னாங்கள். கராச்சுக் கதவைத் திறந்து, ஜக்கெற்றுக்கு மேல சால்வையைப் போட்டுக்கொண்டு, காஸ் அடுப்பில பொங்கினம். சூரியன் எந்தப் பக்கம் எண்டு போனில தேடித்தான் கும்பிட்டம். பொங்கி வழிஞ்ச பால் நிலத்தில விழுந்த உடன உறைஞ்சு போச்சு. மனுசி கரண்டியால கிண்டிப் பாத்தா, அசையேல்லை. மார்ச்சில வழிச்செடுக்கலாம் எண்டு விட்டிருக்கிறம்.

பிறகு ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு வெளிக்கிட்டம். சாவியைத் திருப்ப எஞ்சின் முனகி முனகித்தான் எழும்பிச்சு. சின்னவன் பூட்டின பெரிய ஸ்கிரீனில எழுத்துகள் ஒவ்வொண்டா, முந்தின எழுத்தின்ர நிழலையும் இழுத்துக்கொண்டு வந்துது. அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கிற திரவப் படிகம் குளிரில தடிச்சுப்போகுமாம், திரும்பச் சொன்னாலும் கெதியில திரும்பாதாம். காலமை ஆறு மணிக்கு என்னை எழுப்பினாலும் அதுதான் நிலைமை.

மாமிக்காக நாதஸ்வரக் கச்சேரி போட்டம். மாமி யாழ்ப்பாணத்து அளவெட்டி. தவில் தெட்சணாமூர்த்தியைக் கோயில் வீதி மணலில இருந்து, விடிய விடியக் கேட்டவ. அவர் 1975இல போயிட்டார். அதுக்குப் பிறகு ஆர் வாசிச்சாலும் மாமியிட்ட இருந்து ஒரு "ம்"தான் வரும். சின்னவன்ர ஊஃபரில போட்டா அதுவும் வராது. தவிலின்ர தொப்பிப் பக்கம், அதுதான் அடித்தொனி வாற பக்கம், ஒரு அடி விழுந்தா நம்பர் பிளேற் ஆடும், என்ர மூக்குக்கண்ணாடி வழுகும், முன்னால போற பஸ் ஒதுங்கி வழிவிடும். "இது தவிலோ, தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெசினோ?" எண்டு மாமி கேட்டுக் கேட்டே களைச்சுப்போனா.

அண்டைக்கு நடந்தது வேறை. தொப்பி "தும்" எண்டு கேட்டு, அந்த இடத்திலயே நிண்டுது. மற்றப் பக்கம், வலந்தலையில, விரல் ஓடிறது தனித்தனியாக் கேட்டுது. 404 பெருந்தெருவில ஏறேக்க மாமி காதை மூடியிருந்த சால்வையை விலத்திப்போட்டு, "தம்பி, இண்டைக்குத்தான் உங்கட கார் தவில் வாசிக்குது" எண்டா.

சின்னவன் செத்த முகத்தோட விளக்கம் சொன்னான். கூம்பைச் சுத்தி இருக்கிற ரப்பர் விளிம்பும், உள்ளுக்க அதைத் தாங்கிற துணி வளையமும் விறைச்சுப்போனா கூம்பு முன்னும் பின்னும் வடிவாப் போகாது. அடித்தொனி குறைஞ்சுபோயிடும். "சூடேறினாச் சரிவரும் அத்தான். பாவம், இரவு முழுக்க டிக்கியில கிடந்தது." மனுசியும் "ஓம், பாவம்" எண்டா. ஊஃபருக்கு. விடியவெள்ளன நிண்டு கண்ணாடியில ஐஸ் சுரண்டினவனுக்கு அந்தச் சொல் கிடைக்கேல்லை.

கோயிலில நாங்கள் உள்ளுக்க போக, "பின்னால வாறன்" எண்டு அவன் காருக்குள்ளயே இருந்திட்டான். பெற்றோலை ஏன் வீணாக்குவான் எண்டு எஞ்சினை நிப்பாட்டி, சீற் ஹீற்றரைப் போட்டு, ஊஃபரைச் சூடாக்கப் பாட்டும் போட்டிருக்கிறான். நாங்கள் கையில பொங்கலோட வெளிய வரேக்க ஸ்கிரீன் கறுப்பு. அம்பில "புறொடெக்ட்" எண்ட சிவப்பு லைற். சாவியைத் திருப்பினா டிக் டிக் டிக்.

பற்றரியைக் குறை சொல்ல ஏலாது. மைனஸ் 18க்கு வந்தாலே அதின்ர வலு கிட்டத்தட்டப் பாதியாப் போயிடும். அதே குளிரில எஞ்சின் ஒயிலும் தடிச்சு, ஸ்ராட்டர் வழமையை விடக் கூடக் கேக்கும். வாற வழியில ஹீற்றர், பின் கண்ணாடிச் சூடு, லைற், அம்ப் எல்லாத்தையும் போட்டுக்கொண்டு கோப்பிக் கடை லைனில நிண்டதும் உண்டு. கார் ஓடாமல் நிக்கேக்க, பற்றரிக்குச் சார்ஜ் ஏத்திற ஓல்ரனேற்றர் குடுக்கிறதும் குறைவு, அந்தக் குளிரில சார்ஜ் ஏறப் பற்றரியும் பஞ்சிப்படும்.

ஒரு தமிழன்ர பொனற் திறந்திருந்தாப் போதும். ஊர்ச்சங்கக் கூட்டத்துக்கு வராத சனமெல்லாம் வந்துது. மொன்றியல் அண்ணை, "மைனஸ் 34இல அது என்ன செய்யும், பாவம்" எண்டார். பக்கத்தில நிண்ட எஞ்சினியரிங் படிக்கிற பெடியன், "அங்கிள், அந்த 34 எங்கட தோலுக்கு. காத்து பற்றரியைக் கெதியாக் குளிரப்பண்ணும், ஆனா 22க்குக் கீழ கொண்டுபோகாது" எண்டான். "அப்ப எனக்கு மட்டும்தான் 34ஓ?" எண்டு அண்ணை சண்டைக்குப் போயிட்டார். ஒருத்தர் சுடுதண்ணி ஊத்தச் சொன்னார். வினிபெக்கில இருந்து பொங்கலுக்கு வந்த ஒருத்தர், "நாங்கள் இரவில எஞ்சின் விறைக்காமல் இருக்கக் காரைக் கறன்ரில குத்திப்போட்டுத்தான் படுக்கிறது" எண்டு எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பாத்தார். பற்றரியில ஒட்டியிருந்த சி.சி.ஏ. (குளிரில ஸ்ராட் பண்ணிற வலு) 550 எண்டதை வாசிச்சு, மைனஸ் 18இல, 7.2 வோல்ற்றுக்குக் கீழ விழாமல், 30 செக்கன் 550 அம்பியர் குடுக்கும் எண்டு வகுப்பும் எடுத்தார். "புதுசா இருந்த காலத்தில" எண்டு கடைசியில ஒரு சொல்.

இன்னொரு காரின்ர பற்றரியில இருந்து வயர் போட்டு பூஸ்ட் குடுக்கேக்க கறுப்பு வயரில பெரிய பிரச்சினை. கடைசிக் கவ்வியைப் பற்றரியின்ர மைனஸில குத்துவம் எண்டு ஒரு கட்சி. எஞ்சினில வெறும் இரும்பு தெரியிற இடத்தில குத்த வேணும், பொறி பறந்தா பற்றரியில இருந்து வாற ஐதரசன் பத்தும் எண்டு பெடியன்ர கட்சி. இவ்வளவுக்கும் மாமி சீற்றில இருந்து, "பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடியுங்கோவன்" எண்டு கொண்டிருந்தா. பெடியன் ஒரு போல்ற்றைத் தேடிக் குத்தினான். கார் எழும்பிச்சு. சனம் கை தட்டிச்சு. மொன்றியல் அண்ணை தேங்காய்க்கும் பங்கு குடுக்க வேணும் எண்டார்.

சின்னவன் செய்த முதல் வேலை சத்தத்தைக் கூட்டினது.

திரும்பி வரேக்க ஹீற்றர் அடிச்சுது, ஊஃபரும் ஓடி ஓடிச் சூடேறிச்சுது. மார்க்கம் றோட்டில திரும்ப என்ர மூக்குக்கண்ணாடி வழுகத் துவங்கிச்சு. மாமி சால்வையை இழுத்துக் காதை மூடினா.

இப்ப அவனுக்கு டிக்கியில இன்னொரு பற்றரி வேணுமாம். ஏ.ஜி.எம். எண்ட சாதி, குளிருக்கு நல்லதாம், ஊஃபருக்கு எண்டு தனியா, விலை இப்ப குறைச்சுப் போட்டிருக்காம். இரவுச் சாப்பாட்டில மாமி கேட்டா: "அதைப் பூட்டினா தவில் பழையபடி வருமோ?"

"வரும் அம்மா, முந்தினதை விட நல்லா வரும்."

"அப்ப வேண்டாம் ராசா."

அவன் தாயைப் பாக்கேல்லை, தமக்கையைத்தான் பாத்தான். அவ ஏற்கெனவே காட் நம்பர் குடுத்திட்டா. என்ர காட்.